மச்சான் சொல்ல வேண்டிய ஒரு சொல்

அந்த விசாரணைக் கூட்டத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். ஷிப்ட் மேற்பார்வையாளர் ஓக் பியோங்தே. அவர் மனைவியின் தம்பியும், அதே ஷிப்டில் வால்வுகளைக் கவனிப்பவனுமான பியோ க்யூசிக். கட்டுப்பாட்டு அறையில் அன்று பணியில் இருந்த பாங் மிரான். அணுமின் நிலையத்தின் தலைவர் மேங் சொன்ஹீ அம்மையார். வேறு யாரும் இல்லை. இன்று இதைக் கதை கதையாக அளப்பவர்களில் ஒருவர்கூட அந்த அறைக்குள் கால் வைத்ததில்லை.

நடந்தது இதுதான். எரிபொருள் மாற்றுவதற்காக இரண்டாம் உலையை நிறுத்தியிருந்தார்கள். முதலாம் உலை முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாம் உலையின் பம்ப் அறையில் குளிர்நீர் வால்வு ஒன்றை மூட வேண்டும். பியோங்தேயும் க்யூசிக்கும் போனார்கள். இரண்டு உலைகளின் பம்ப் அறைகளும் இடவலம் மாறியிருக்கும். மற்றபடி அச்சாக ஒன்றுதான். சூசொக் அறுவடைப் பண்டிகைக்கு யார் வீட்டில் கூடுவது என்று வழக்காடிக்கொண்டே படி இறங்கியவர்கள், முதலாம் உலையின் அறைக்குள் நுழைந்துவிட்டார்கள்.

வால்வில் கை வைக்கும் முன் செய்ய வேண்டிய ஒரு முறை உண்டு. மூத்தவர் விரலை நீட்டி வால்வின் பெயரை உரக்கச் சொல்வார். இளையவர் தானும் விரலை நீட்டி, தகட்டைப் படித்து, "சரி" என்பார். பியோங்தே விரலை நீட்டி, "இரண்டாம் உலை, குளிர்நீர் வால்வு!" என்றார். பட்டாளத்தில் பழகிய குரல் அது. க்யூசிக்கும் விரலை நீட்டி, "சரி!" என்றான். மூடினான்.

மூடிய கையை எடுப்பதற்குள் வாக்கிடாக்கியில் மிரானின் குரல் வந்தது. "சார், எங்க இருக்கீங்க? ஒண்ணாவது உலையில அலாரம் அடிக்குது. பம்ப் நின்னு, மாத்து பம்ப் தானா ஓட ஆரம்பிச்சிருச்சு!"

வால்வைத் திறந்தார்கள். உலைக்கு ஒன்றும் ஆகவில்லை. மாற்று பம்ப் அதற்காகத்தான் இருக்கிறது. ஆனால் பியோங்தேயின் முகத்தில் ரத்தம் இல்லை. கடற்கரையில் தெரியும் அந்த உலைக் குவிமாடத்துக்குக் கான்கிரீட் ஊற்றியவர்களில் அவருடைய அப்பாவும் ஒருவர். ஓக் குடும்பத்துக் கையால் அந்த நிலையத்தில் ஒரு விளக்குகூடத் தவறி அணைந்தது கிடையாது.

உடை மாற்றும் அறையில் க்யூசிக் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அத்தான், மூடினது என் கை. நீங்க சரியாத்தான் சொன்னீங்க, நான்தான் மாத்தி மூடிட்டேன்னு சொல்லிடறேன்."

"சொன்னா உன்னை வீட்டுக்கு அனுப்பிருவாங்கடா."

"அனுப்பட்டும். எனக்கு வயசிருக்கு, கணவாய் மீன் பிடிக்கப் போறேன்."

"படகு ஏறினாலே வாந்தி எடுக்கறவன் நீ."

"விளையாடாதீங்க அத்தான். வசந்தத்துல நீங்க ஓய்வு பெறப் போறீங்க. விழாவுல மேடையேத்தி பதக்கம் போடறாங்க. அக்கா ஊரெல்லாம் சொல்லிட்டா. இப்ப போய் இப்படியா?"

பியோங்தே வாற்கோதுமைத் தேநீரை ஒரு கோப்பை ஊற்றிக்கொண்டார். அதைக் குடித்து முடிக்கும் வரை அவர் மனம் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக ஆடியது உண்மை. அப்பா பெயரும் பதக்கமும் ஒரு பக்கம். மறு பக்கத்தில் கைகட்டி உட்கார்ந்திருந்தான், அவர் கல்யாணத்தன்று அழுதுகொண்டே அக்காவின் பின்னால் வந்த பயல். கோப்பையைக் கவிழ்த்தார்.

"எழுந்திரு. இந்தக் குடும்பத்துல ஒருத்தன் தப்புக்கு இன்னொருத்தன் தலையைக் குடுக்கிற வழக்கம் இல்லை."

கூட்டத்தில் அவரே எழுந்து, அறை மாறியதும் பெயரைத் தவறாகச் சொன்னதும் தாம்தான் என்றார். மேங் அம்மையார் முழுவதும் கேட்டார். பிறகு அவரை விட்டுவிட்டு க்யூசிக்கின் பக்கம் திரும்பினார்.

"க்யூசிக், தகட்டுல என்ன போட்டிருந்தது?"

"ஒண்ணுன்னு போட்டிருந்தது மேடம்."

"பார்த்தீங்களா?"

"பார்த்தேன் மேடம்."

"அப்புறம் எப்படி சரின்னீங்க?"

க்யூசிக் தலையைக் குனிந்துகொண்டான். "அத்தான் ரெண்டுன்னாரு மேடம். என் கண்ணுலதான் கோளாறோன்னு நினைச்சேன்."

மிரான் சிரிப்பை அடக்கக் கையால் வாயை மூடிக்கொண்டாள். பியோங்தேயின் காது சிவந்தது. அவனை அடிக்கவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது.

"ஓக் சார்," என்றார் அம்மையார், "கண்ணுன்னா தப்பத்தான் செய்யும். அதுக்கு நான் பயப்படலை. ஒவ்வொரு வால்வுக்கும் ரெண்டு பேர் பார்க்கறாங்கன்னு நம்பிட்டு இருந்தேன். மரியாதையால ஒருத்தர்தான் பார்த்திருக்கீங்க. எத்தனை ஜோடி இப்படியோ! உங்க பேரை வசந்தத்துல நடக்கிற பதக்க விழாவுக்கு அனுப்ப முடியாது."

"தெரியும் மேடம்."

"நாளையிலேர்ந்து சின்னவங்க முதல்ல படிக்கட்டும். அதுவரைக்கும் பெரியவங்க வாயைத் திறக்கக் கூடாது. அறைக் கதவுகளுக்கு வேற வேற வண்ணம் அடிக்கச் சொல்றேன்."

"கதவுக்கு வண்ணம் அடிக்கறது சுலபம் மேடம். இவன் வாய்க்கு அது போதாது," என்றார் பியோங்தே. "பயிற்சிக் கூடத்துல நான் வேணும்னே தப்பாச் சொல்றேன். அவன் என் முகத்தைப் பார்த்து ‘தப்பு’ன்னு சொல்லட்டும். சொல்லிப் பழகினாத்தான் வரும். எல்லா ஷிப்டுக்கும் பெரியவங்களை நானே கூட்டிட்டு வரேன்."

அம்மையார், "உங்களை விட்டா யாரால முடியும்?" என்றார்.

மறுநாள் பயிற்சிக் கூடத்தில் பியோங்தே மாதிரி வால்வின் முன் நின்று, ஒன்றை இரண்டு என்று முழங்கினார்.

"அத்தான்... இன்னொரு தடவை பார்த்தா நல்லா இருக்குமோன்னு..." என்றான் க்யூசிக்.

"ஒரே சொல்லு போதும்!"

"தப்புங்களோ?"

"என்னைக் கேட்காதே, சொல்லு!"

"தப்புன்னு பணிவோட..."

"வால்வுக்குப் பணிவு தெரியாதுடா!"

மிரான் பொறுக்கமாட்டாமல், "உங்க அக்காவைக் கூப்பிடட்டுமா? அவங்க சாரைப் பார்த்து தினமும் சொல்றதுதானே!" என்றாள். கூடமே சிரித்தது. பியோங்தேயும் சிரித்துவிட்டார்.

க்யூசிக் நிமிர்ந்தான். முதலில் இடுப்பு வரை குனிந்து அத்தானை வணங்கினான். பிறகு விரலை நீட்டி, கண் கலங்க, "தப்பு!" என்று கத்தினான்.

"அப்படிச் சொல்லு! இன்னொரு தடவை."

"தப்பு! அத்தான், தப்பு! ரெண்டு கிளாஸ் சோஜு உள்ள போனதும் பாடறீங்களே, அதுவும் தப்பு!"

"அது இந்தப் பயிற்சியில சேராது," என்றார் பியோங்தே, அவன் தோளைத் தட்டிக்கொண்டே. பதக்கம் போனதிலிருந்து அவர் நெஞ்சில் கிடந்த பாரம் அந்தச் சத்தத்தில் கொஞ்சம் இறங்கியது.

குளிர்காலம் முடிவதற்குள் நிலையத்தின் எல்லா ஷிப்டுகளும் அப்படியே செய்யத் தொடங்கின. நரைத்த தலைகள் வாயைப் பொத்தி நிற்க, இளையவர்கள் முதலில் படித்தார்கள். வசந்தத்தில் வேறு ஒருவருக்குப் பதக்கம் போட்டார்கள். பியோங்தே முன் வரிசையில் உட்கார்ந்து கை தட்டினார்.

மச்சான்தான் அத்தானைக் காட்டிக்கொடுத்தான் என்று மீன் சந்தையில் இன்னும் ஒரு பேச்சு உலவுகிறது. அது பொய். பியோங்தே தாமாகவே எழுந்து சொன்னார். அப்போது க்யூசிக் மேஜைக்கடியில் அவர் சட்டையைப் பிடித்து உட்காரச் சொல்லி இழுத்துக்கொண்டிருந்தான்.