பல் எடுத்த மறுநாள்

பெஞ்சில் நீட்டிக்கொண்டிருந்த ஆணி ஆதிராவின் விரலைக் கிழித்தபோது சிந்தியா டீச்சர் யோசிக்கவே இல்லை. விரலைப் பிடித்து வாயில் வைத்து உறிஞ்சினாள். ஜன்னல் வழியே துப்பிவிட்டு மறுபடி உறிஞ்சினாள்.

சிந்தியா பிறந்தது கடற்கரையில். கெளுத்தி முள் குத்தினாலும் தூண்டில் தைத்தாலும் பக்கத்தில் நிற்பவர் உறிஞ்சித் துப்புவதுதான் அங்கே முதல் வைத்தியம். யாருடைய விரல் என்று யாரும் பார்ப்பதில்லை. சுசீந்திரம் பக்கத்து ஆரம்பப் பள்ளிக்கு வேலைக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் கூடவே வந்திருந்தது.

ஆதிரா அழவில்லை. முகம் வெளுத்து டீச்சரின் வாயையே பார்த்தாள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை.

"டீச்சர், துப்புங்க. நல்லாத் துப்புங்க."

"துப்பியாச்சு மக்கா. வலிக்கா?"

"எனக்க ரத்தத்த யாரும் தொடப்பிடாதுன்னு அம்மா சொல்லியிருக்கா."

பாவாடைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துத் தானே விரலில் சுற்றி, ஒரு முனையைப் பல்லால் கடித்து முடிச்சுப் போட்டாள். நன்றாகப் பழகிய முடிச்சு.

சிந்தியாவின் நாக்கு தானாகக் கடைவாய்க்குப் போனது. நேற்றுதான் மார்த்தாண்டத்தில் பல் எடுத்திருந்தாள். வீங்கிய கன்னத்தைப் பார்த்து, "அயிலை மீன முழுசா வாயில ஒளிச்சு வச்சிருக்கியா பிள்ளே?" என்று காலையில்கூட, மீன்பிடிக்கப் போகும் அவள் கணவன் ஜஸ்டஸ் சிரித்தான். இப்போது அந்தக் குழி உப்புக் கரித்தது.

பள்ளி விட்டதும் ஆதிராவின் அம்மா அழகியநாயகி வாசலில் வந்து நின்றாள். மகள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. அவளை விளையாட அனுப்பிவிட்டு, வணக்கம்கூடச் சொல்லாமல் கேட்டாள்.

"டீச்சர், ஒங்க வாயில புண்ணு எதும் உண்டா?"

"நேத்து பல்லு எடுத்தேன். ஏன்?"

அழகியநாயகி சுவரைப் பிடித்துக்கொண்டே பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"ஆதிராவுக்குப் பொறந்ததிலேயே ஹெச்.ஐ.வி. இருக்கு டீச்சர். எங்கிட்டேருந்து போனது. எனக்கு அவ அப்பாகிட்டேருந்து." வாசல் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "முந்தின ஸ்கூல்ல சொன்னோம். மறுநாள் கிளாஸ்ல இவ ஒருத்தி மட்டும்தான் இருந்தா. அதனால இங்க சொல்லல்ல. நீங்க என்ன முடிவெடுத்தாலும் சரி. ஆனா இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க. தடுக்கதுக்கு மாத்திரை உண்டு. சீக்கிரம் தொடங்கணும்."

கோபப்பட வேண்டும் என்று சிந்தியாவுக்குத் தோன்றியது. கோபம் வரவில்லை. வெளியே ஆதிரா யாரையோ "கள்ளாட்டம் ஆடாதட்டி" என்று திட்டிக்கொண்டிருந்தாள்.

ஜஸ்டஸ் பைக்கில் அழைத்துப் போனான். ஆஸ்பத்திரியில் டாக்டர் நிதானமாகப் பேசினார். கொஞ்ச ரத்தம்தான், துப்பியும் விட்டிருக்கிறாள், ஆபத்து குறைவு. ஆனாலும் பல் எடுத்த புண் இருப்பதால் ஒரு மாதம் மாத்திரை, பிறகு மறுபடி டெஸ்ட். முடிவு வரும்வரை கணவனும் மனைவியும் எப்படிக் கவனமாக இருக்க வேண்டும் என்பதையும் சொன்னார். கல்யாணமாகி ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. இருவரும் தரையைப் பார்த்துக் கேட்டார்கள்.

வெளியே வந்ததும் ஜஸ்டஸ், "பிள்ளைக்க பேரென்ன?" என்றான்.

"சொல்லமாட்டேன்."

"நான் உனக்க மாப்பிள்ளையா, பக்கத்து வீட்டுக்காரனா?"

"மாப்பிள்ளைதான். அதான் நாளைக்கே ஸ்கூல் வாசல்ல வந்து நிப்பீங்க. அந்தப் பிள்ளை மறுபடியும் ஒத்தைக்கு இருக்கும்."

"அப்ப உனக்கு ஒண்ணுன்னா? யாருக்க ரத்தம்னே தெரியாம ஒருத்தி வாயில வைப்பாளா? புத்தியுள்ள எவளாவது..."

பாதியில் நின்றுவிட்டான். சாவி கையிலேயே இருந்தது. முகம் மெல்லமெல்ல மாறுவதை சிந்தியா பார்த்தாள்.

"போன வாரம் வள்ளத்துல இஞ்ஞாசிக்கு தூண்டில் தைச்சுது," என்றான் மெதுவாக. "நான்தான் உறிஞ்சித் துப்பினேன். அதுக்கு முன்னால மரியானுக்கு. பதினாலு வயசுலேருந்து இதுதான செய்யுதேன். ஒருத்தன்கிட்டயும் ஒண்ணும் கேட்டதில்ல பிள்ளே."

அவள் அவன் கையைப் பிடித்தாள்.

"நீ இங்க நில்லு. நானும் ஒரு டெஸ்ட் கொடுத்திட்டு வாரேன்."

அவனுக்கு அந்த டெஸ்டில் ஒன்றும் இல்லை. சிந்தியாவுக்குத்தான் காத்திருப்பு. மாத்திரை குமட்டியது. இரண்டு நாள் கழித்து, மத்தியானம் ஜஸ்டஸ் பள்ளிக்கு வந்து ஒரு பெட்டி ரப்பர் கையுறையைக் கொடுத்தான். முற்றத்தில் ஓடும் பிள்ளைகளைப் பார்த்ததும் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"இதுல யாருன்னு எனக்குத் தெரியாண்டாம். வள்ளத்துக்கும் ஒரு பெட்டி வாங்கினேன். இஞ்ஞாசி, 'எப்ப மக்கா டாக்டரானே'ன்னு கேக்கான்."

அன்று வகுப்பில் சிந்தியா கையுறையைப் போட்டுக் காட்டினாள்.

"யாருக்கு அடிபட்டாலும் ரத்தத்தை யாரும் தொடாதீங்க. என்னைக் கூப்பிடுங்க. நான் இதைப் போட்டுட்டு வந்து கட்டுவேன்."

ஆதிரா கை தூக்கினாள்.

"ஒங்க ரத்தத்தையும் தொடப்பிடாதா டீச்சர்?"

சிந்தியாவின் நாக்கு கடைவாய்க் குழியைத் தொட்டது. புண் இன்னும் ஆறவில்லை.

"ஆமா மக்கா," என்றாள். "எனக்க ரத்தத்தையும்தான்."