டார்லின் நிறுத்திய மாத்திரை

உவரிக் கடற்கரையில் மீன் ஏலம் கூறிக்கொண்டிருந்த டார்லினுக்கு நாற்பத்தோராம் வயதில் ரத்தப் புற்றுநோய் வந்தது. தம்பி ஜெனிஷின் ரத்தத்திலிருந்து எடுத்த ஸ்டெம் செல்லை ஏற்றிப் பிழைக்கவைத்தார்கள். நோய் திரும்பாமலிருக்க இரண்டு வருஷம் மாத்திரை போடவேண்டும் என்று திருநெல்வேலி டாக்டரம்மா சொன்னபோது அது பெரிய காரியமாகவே தெரியவில்லை.

எட்டாவது மாதம் உள்ளங்கால் தோல் உரிந்தது. அடி வைத்தால் கொதிமணலை மிதித்ததுபோல எரியும். சாப்பிட்டது எதுவும் வயிற்றில் நிற்காது. கரையிலிருந்து ஏலச் சத்தம் வந்தால் கதவைச் சாத்திக்கொள்வாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவள் சாதாரணமாக நடந்து வருவதை ஜெனிஷ் பார்த்தான்.

“கால் ஆறிட்டே அக்கா! மருந்து மாத்திட்டாவளா?”

“இல்லலே. நானே நிறுத்திட்டேன். பதினேழு நாளாச்சு.”

அவன் அப்படியே நின்றுவிட்டான். “ஏன் ஒரு வார்த்தை சொல்லல?”

“சொன்னா போடுன்னுதான் சொல்லுவ. நீ ஒருநாள் ஆஸ்பத்திரில படுத்துச் செல்லைக் குடுத்துட்டுக் கடலுக்குப் போயிட்ட. நான் தினமும் நோயாளியால்லா எந்திரிக்கேன்? நோய் இல்லன்னுதான சொல்லுதாவ, பிறவு எதுக்கு இது?”

ஜெனிஷுக்குக் கோபம் வந்தது. மறுநாள் படகுக்குப் போகாமல் அவளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினான்.

நடந்ததைக் கேட்ட டாக்டரம்மா முதலில் உரிந்து ஆறியிருந்த அவள் பாதங்களைத்தான் பார்த்தார். “பரிசோதனைக்குச் சிக்காம ஒண்ணு ரெண்டு செல் ஒளிஞ்சிருக்கலாம்மா. அதுக்குத்தான் மாத்திரை. ஆனா கால் இப்படி ஆச்சுன்னா எங்கிட்ட சொல்லணும். அளவைக் குறைக்கலாம், கொஞ்சநாள் நிறுத்தியும் வைக்கலாம். இத்தனை நாள் சும்மா பொறுத்திருக்கீங்களே!”

டார்லின் அழுதுவிட்டாள்.

ரத்தப் பரிசோதனை முடிவு வர ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் காலையில் ஜெனிஷ் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். மாத்திரைப் பேச்சையே எடுக்கவில்லை. பத்தாம் நாள் டாக்டரம்மா போன் பண்ணினார். நோய் திரும்பவில்லை, பாதி அளவில் மறுபடி தொடங்கச் சொன்னார்.

“இன்னும் எத்தனை மாசம்?”

“பதினாறு.”

“சரி” என்றாள். சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. மாத்திரையை விழுங்கிவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

அடுத்த மாதம் இடது குதிகால் சிவந்தது. அன்றைக்கே டாக்டரம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னாள். நான்கு நாள் நிறுத்தச் சொன்னார். ஐந்தாம் நாள் அவளே எடுத்துப் போட்டாள். அலுப்பு மட்டும் போகவில்லை.