முடிந்த ஆட்டத்துக்குக் கத்துகிறவர்கள்

1

திங்கட்கிழமை இரவு ஒன்பது நாற்பது. துபாய், சத்வாவில் ஒரு தையல்கடை. கால்சட்டையின் நீளத்தைக் குறைக்கக் கொடுத்திருந்தேன். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே ஒரு கூட்டமே தமிழில் கத்திக்கொண்டிருந்தது. சண்டை என்று நினைத்துக் குனிந்து பார்த்தேன். டிவியில் அமெரிக்கக் கால்பந்து. எல்லாரும் கத்தினார்கள். ஒரு பெண் மட்டும் கத்தவில்லை.

ஏன்? அதற்காகத்தான் இந்தக் கதை.

2

(அடிக்குறிப்பாகப் போக வேண்டியது: இந்தக் கால்பந்தில் காலுக்கு வேலை குறைவு. மேலும் விளக்கினால் கதை செத்துவிடும்.)

ஆட்டம் அங்கே ஞாயிற்றுக்கிழமை. இவர்கள் மறுநாள் ட்யூட்டி முடிந்து பதிவைப் பார்க்கிறார்கள். அதுவரை முடிவு தெரியக் கூடாது. தெரிந்துவிட்டவர் ஷட்டருக்கு வெளியே நிற்க வேண்டும்.

எதிரணி பந்தை வைத்து ஆடும்போது கத்த வேண்டும். அவர்கள் தலைவன் சொல்லும் உத்தரவு அவன் ஆட்களுக்குக் கேட்கக் கூடாது. மைதானத்தில் இருப்பவர்கள் கத்துவது சரி. சத்வாவில், நேற்றே முடிந்த ஆட்டத்துக்கு?

கால்சட்டைக்காக மறுபடி போனபோது கடைக்காரர் கௌஸ் முகைதீனிடம் கேட்டேன். கீழக்கரைக்காரர்.

"அவங்களுக்கு முடிஞ்சிச்சு. நமக்கு எங்க முடிஞ்சிச்சு?"

அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கதை தேவைப்பட்டிருக்காது.

3

நளினி என்று பெயர் வைக்கிறேன்.

நளினி அந்த அணியை முதன்முதலில் பார்த்தபோது பனி

(வேண்டாம். பனியை நான் பார்த்ததில்லை.)

நளினி தனிமையான

(பொய். அந்தக் கடையிலேயே அதிகம் சத்தம் போடுகிறவள் அவள்தான். அப்படி இருந்தால்தான் அவள் மௌனத்துக்கு அர்த்தம்.)

திருச்சிக்காரி. இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. அமெரிக்காவில் படித்த காலத்தில் பிடித்த பைத்தியம். சுடிதார் தைக்க வந்த இடத்தில் கௌஸ் பாய்க்கும் தொற்றியது. வெளியே நிற்கும் விதி அவள் போட்டது. போன மாதம் சேல்ஸ்மேன் வீரபாண்டியை டீயோடு வெளியே நிறுத்தியவள்.

"அக்கா, பாதி ஆட்டம் வரைக்கும்தான்க்கா தெரியும்!"

"அப்ப பாதி வரைக்கும் நில்லு. மிச்சப் பாதி தண்டனை."

அவள் வேலை போய்விட்டது. வெள்ளிக்கிழமை ஊருக்குத் திரும்புகிறாள். இது கடைசித் திங்கள்.

4

அன்று மதியம், விடைகொடுக்க வந்த சக ஊழியர் ஒருவர் ஆட்டத்தின் முடிவைச் சொல்லிவிட்டார். அன்பாகத்தான். அவளுக்குப் பிடித்த அணி என்று தெரிந்து, தேடிப் பார்த்து வந்து சொன்னார்.

முதல் வரைவில் அவள் கடையில் உண்மையைச் சொன்னாள். கௌஸ் பாய் விதியைத் தளர்த்தினார். எல்லாரும் அழுதார்கள். கிழித்தேன்.

இரண்டாவதில் அவளே வெளியே நின்று சத்தத்தை மட்டும் கேட்டாள். அழகாக இருந்தது. அதனாலேயே சந்தேகம்.

இதில் உள்ளே போய் உட்காருகிறாள்.

"லேட்டுக்கா! எவனாச்சும் ஸ்கோர் சொல்லிட்டானா?" என்றான் வீரபாண்டி.

"சொல்ற வாயைத் தெச்சிருவேன். பாய்கிட்ட ஊசி இருக்கு."

சிரிப்பு. விளக்கை அணைத்தார்கள்.

5

கடைசி நிமிடம். நம் அணி நான்கு புள்ளி முன்னால். எதிரணி பந்தோடு கோட்டருகே; தாண்டினால் ஆட்டம் அவர்களுக்கு. எல்லாரும் எழுந்துவிட்டார்கள். கௌஸ் பாய் வெட்டுமேசையை இரும்பு அளவுகோலால் அறைகிறார். வீரபாண்டிக்குத் தொண்டை கட்டிவிட்டது, கை தட்டுகிறான். நளினி வாயைத் திறக்கிறாள். சத்தம் வரவில்லை.

நான் குனிந்து பார்த்தது இப்போதுதான்.

யார் ஜெயித்தார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். உங்களிடம் சொன்னால், விதிப்படி, நீங்கள் வெளியே நிற்க வேண்டும். தெரிந்த முடிவுக்கு ஒருவர் முழுத் தொண்டையோடு கத்த முடியுமா என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை.

கௌஸ் பாய் ரிமோட்டை எடுத்துப் பதிவை நிறுத்தினார். பந்து அந்தரத்தில் நின்றது. கடை அமைதியானது. அவர் திரும்பிப் பார்த்தார்.

"தங்கச்சி, உங்க சத்தத்தையே காணோமே. ஓட்டவா, வேணாமா?"