துரு தின்ற காற்று

தீப்பெட்டி நிறையத் துரு கொண்டு வருகிறவர்களுக்குப் பேனா பரிசு என்று அறிவித்த வாயைத் தைத்துப் போட்டிருக்கலாம் என்று அறிவியல் டீச்சர் பிறகு எத்தனையோ தடவை நினைத்திருக்கிறாள். அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை. மடித்த காகிதத்தைப் பிரித்துவிடலாம், எரித்ததைப் பழையபடி ஆக்க முடியாது, துருவும் அந்த ரகம்தான் என்று சொல்லிவிட்டு, பத்து நிமிடத்துக்கு ஆறாம் வகுப்பை அவிழ்த்து விட்டாள். கேட், ஜன்னல் கம்பி, உடைந்த சறுக்குமரம் என்று ஒன்றையும் விட்டுவைக்காமல் சுரண்டிக்கொண்டு வந்தார்கள்.

மேசையில் திங்கட்கிழமை வைத்த சோதனை இருந்தது. பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரை நனைத்து டம்ளருக்குள் திணித்து, தண்ணீர்த் தட்டில் கவிழ்த்திருந்தாள். இப்போது உள்ளே தண்ணீர் ஏறியிருந்தது. நாம் மூச்சுக்கு எடுக்கிற பங்கைத் துரு தின்றுவிட்டது, காலியான இடத்துக்குத் தண்ணீர் வந்துவிட்டது என்று விளக்கினாள்.

கேள்வி கேட்கவென்றே பிறந்தவன் ஒருவன் எழுந்தான். "பெரிய டம்ளரா இருந்து, உள்ள ஆள் இருந்தா டீச்சர்?"

"மயங்கி விழுந்துருவாங்க. மூச்சு முட்டுறதுகூட தெரியாது," என்று சிரித்தபடி சொன்னவள், அப்போதுதான் தலைகளை எண்ணினாள். ஒன்று குறைந்தது. வகுப்பிலேயே குட்டியானவள், எல்லோரும் சுண்டெலி என்று கூப்பிடுகிறவள், அவளைக் காணோம்.

பக்கத்துப் பெண் சொன்னாள். "அவ ஸ்கூலுக்குப் பின்னாடி இருக்கிற இரும்பு டேங்குக்குப் போனா டீச்சர். உள்ள முழுக்க துருதானாம்."

மூன்று வருஷமாக மூடிக் கிடந்த தண்ணீர் டேங்க் அது. பழைய இரும்பு வாங்குகிறவர் பார்க்க வருகிறார் என்று வாட்ச்மேன் காலையில்தான் பூட்டைக் கழற்றினார். டீச்சர் ஓடினாள். செருப்பு எங்கே கழன்றது என்று தெரியாது. ஏணியடியில் இரண்டு சின்ன ஷூக்கள், சமர்த்தாக, ஜோடியாக.

ஏணியில் ஏறிப் பார்த்தாள். மூடி பாதி திறந்திருந்தது. உள்ளே கும்மிருட்டு. பேர் சொல்லிக் கூப்பிட்டாள், அவள் குரலே திரும்பி வந்தது. ஒரு காலை உள்ளே வைத்துவிட்டாள். காப்பாற்ற இறங்குகிறவர்தான் அடுத்து விழுவார் என்று படித்திருந்தாள். படித்த பாழாய்ப்போன படிப்பு அந்தக் காலை இறக்கவும் விடவில்லை, எடுக்கவும் விடவில்லை. கடவுளே, நானே அனுப்பினேனே என்று வாய்விட்டு அழுதாள். வாட்ச்மேனைக் கூவி அழைத்தாள்.

"டீச்சர்?"

குரல் கீழேயிருந்து வந்தது. வெறுங்காலோடு சுண்டெலி நின்றாள். கையில், வராந்தாவில் வைத்திருந்த சாப்பாட்டுப் பையிலிருந்து எடுத்த ஸ்பூன்.

"மூடியிலயே கையால சுரண்ட வரல டீச்சர். அதான் ஸ்பூன் எடுத்துட்டு இறங்கலாம்னு போனேன். போட்டி முடிஞ்சிருச்சா?"

எப்படி இறங்கினாளோ, டீச்சர் அடிக்கக் கையை ஓங்கி, அடிக்காமல் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். மூச்சிரைக்க வந்த வாட்ச்மேனிடம், ஒரு காகிதத்தைக் கொளுத்தி உள்ளே போடச் சொன்னாள். ஒன்றும் புரியாமல் அவர் ஏறிப் போட்டார்.

"பாதியிலயே அணைஞ்சிருச்சும்மா," என்றார் மேலேயிருந்து. இன்னொன்று கொளுத்திப் போட்டார். "இதுவும்."

சுண்டெலி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "தோள் வலிக்குது டீச்சர்," என்றாள் மெதுவாக.

விட வேண்டும் என்று டீச்சருக்குத் தெரிந்தது. விரல்கள்தான் கேட்கவில்லை. சுண்டெலியின் வெள்ளைச் சட்டையில் ஏணித் துரு ஐந்து விரலாகப் பதிந்திருந்தது.