மார்ச்சில் நின்ற கல்யாண மண்டபம்

சம்பந்தி வீரசிங்கம் கிள்ளானில் இருக்கும் எங்கள் துணிக்கடைக்கு வந்தது துணி எடுக்க அல்ல. என் மகள் தாமரைக்கும் அவர் மகனுக்கும் நடக்கப்போகிற கல்யாணத்துக்கு, பிரிக்பீல்ட்ஸில் மண்டபம் உறுதியாகிவிட்டதா என்று கண்ணால் பார்க்க. நில அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முத்திரை இல்லாவிட்டால் தேநீரைக்கூடச் சந்தேகமாகத்தான் பார்ப்பார்.

"மண்டபம் பதிஞ்சதை ஒருக்கா காட்டுங்கோ. பிறகு அழைப்பிதழ் அடிக்கக் குடுப்பம்" என்றார்.

"தாராளமா சம்பந்தி" என்று கடைக் கணினி முன் உட்கார்ந்தேன். என் மனைவி உஷாராணி எழுந்து இடம் விட்டு, தேநீர் போட உள்ளே ஓடினாள்.

மண்டபத்தின் இணையதளத்தைத் திறந்தேன். பக்கம் வரவில்லை, சிவப்பு முக்கோணம்தான் வந்தது. இணைப்பு பாதுகாப்பானதல்ல, யாரோ உங்கள் விவரங்களைத் திருட முயலலாம் என்றது.

என் தொழிலில் சிவப்பு எழுத்து என்றால் தள்ளுபடி. அது நாம் அடுத்தவருக்கு வைப்பது. நமக்கே ஒருவன் வைத்தால் கணக்கே மாறிவிடுகிறது. சுபாங் ஜெயாவில் ஒரு குடும்பம் போலித் தளத்தில் மண்டபம் பதிந்துவிட்டு, கல்யாணத்தன்று பூட்டிய கதவுக்கு முன் மேளத்தோடு நின்ற கதையை, போன வாரம் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் சிரித்துச் சிரித்துச் சொன்னவன் நான்தான்.

மண்டபத்துக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. திங்கட்கிழமை, அவர்களுக்கு விடுமுறை.

"கள்ளனிட்ட மாட்டுப்பட்டிட்டீங்களோ?" என்றார் சம்பந்தி.

"என்ன சம்பந்தி நீங்க! செலாயாங் பாசார்ல தக்காளிக்காரனையே அழவச்சவன்லா நான்."

"தக்காளிக்காரன் முன்னுக்கு நிண்டவன். இவன் எங்க நிக்கிறான்?"

மறுபடி போனை எடுத்துத் தலைகீழாகக் காதில் வைத்தேன். இதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் அப்படி ஆகியிருக்கிறது, உஷாராணியைப் பெண் பார்க்கப் போன அன்று.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "பதறாதையுங்கோ. தளத்துக்கெண்டு ஒரு சான்றிதழ் இருக்காம், மகன் சொன்னவன். அதைப் பாப்பம்."

முகவரிக்குப் பக்கத்தில் 'பாதுகாப்பற்றது' என்றிருந்த இடத்தைச் சொடுக்கினேன். அதற்குள் சான்றிதழ் என்று ஒரு வரி. திறந்தால் சின்னப் பெட்டி: யாருக்குக் கொடுத்தது, யார் கொடுத்தது, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை. பட்டு என்று சொல்லி விற்கிறவனிடம் முந்தானையைப் புரட்டி நூலை இழுத்துப் பார்ப்பேனே, அந்தக் கண்ணோடு குனிந்தேன்.

"யாருக்குக் குடுத்தது?"

படித்தேன். மண்டபத்தின் முகவரி. அதுவும் சரியானதுதானா? கல்லாவுக்கு மேலே, அந்த மண்டபத்தார் தங்கள் கையாலேயே கொடுத்த நாள்காட்டி தொங்கியது. அடியில் அச்சிட்டிருந்த முகவரியோடு சம்பந்தி ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டார். அதேதான். எனக்குப் பாதி உயிர் வந்தது.

"எப்ப குடுத்தது?"

"ஜூலைல. அடுத்த வருசம் வரைக்கும் செல்லும்."

"அப்ப இந்தக் கணினி ஏன் பாதுகாப்பில்லை எண்டுது?" அவர் கண் நாள்காட்டியில் மேலே ஏறியது. செப்டம்பர். அப்படியே கணினித் திரையின் மூலைக்கு இறங்கியது. "இஞ்ச பாருங்கோ! உங்கட கணினி இன்னும் மார்ச்சில நிக்குது. ஜூலையில வாற சான்றிதழை மார்ச்சில காட்டினா, அது நம்புமோ?"

அந்த நேரம் தேநீரோடு வந்த உஷாராணி நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ, திரும்ப மாத்த மறந்துட்டேனா?"

"எதைம்மா மாத்த?" என்று கேட்டேன்.

"பில் போடுற சாப்ட்வேர் ஒரு மாசம் இலவசம்னான். மார்ச்சுல போட்டது. காலையில தேதியப் பின்னால தள்ளித் தொறப்பேன், தொறந்ததும் முன்னால கொண்டாந்துடுவேன். இன்னிக்குச் சம்பந்தி வந்தாரா, தண்ணி வைக்க ஓடிட்டேன்."

"ஒரு மாசம்னு சொன்னதை இத்தனை மாசமாவா ஓட்டுற?" என்றேன்.

"மாசத்தை நான் முடிய விட்டாத்தானே!"

தேதியைச் சரிசெய்தாள். பக்கம் சமர்த்தாகத் திறந்தது. தாமரை பெயர், மாப்பிள்ளை பெயர், நாள், நேரம், கீழே பச்சையில் 'உறுதி செய்யப்பட்டது'. சட்டை முதுகில் ஒட்டியிருந்ததை அப்போதுதான் உணர்ந்தேன். வீரசிங்கம் இரண்டு தடவை படித்தார்.

"அழைப்பிதழ் அடிக்கலாம்" என்றார். பிறகு உஷாராணியைப் பார்த்து, "பிள்ளைக்கும் இந்தக் கெட்டித்தனம் இருக்கோ?"

"அவ என்னைய விட மோசம் சம்பந்தி."

"நல்லது. என்ர மகன் கடைக்காரன் சொன்ன விலையைக் குடுத்திட்டு வாறவன்." முதல் தடவையாகச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் விரலை நீட்டினார். "ஆனா ஒண்டு. கலியாணம் முடியுமட்டும் இந்தக் கணினியில ஒருதரும் தேதியில கைவைக்கக் கூடாது."

உஷாராணி என்னைப் பார்த்தாள். நான் தேநீரைப் பார்த்தேன். சம்பந்தி சொல்லைத் தட்ட முடியுமா? போனை எடுத்தாள்.

"ஹலோ, அண்ணே? மார்ச்சுலருந்து உங்க பில் சாப்ட்வேரத்தான் பாத்துட்டிருக்கேன், பரவால்ல. சரி, வாங்கினா எவ்வளவு கொறைப்பீங்க?"