உப்பாத மண்

தொண்ணூற்றாறு மணி நேரம் முடிந்துவிட்டது. தொட்டித் தண்ணீரில் நாலு நாளாக மண்ணோடு ஊறிய இரும்பு அச்சின் மேல் வைத்திருந்த மானியின் முள், வைத்த இடத்தை விட்டு நகரவே இல்லை. அமுதா கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். அதே இடம்தான்.

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மாடியில் இருக்கும் அந்த மண் பரிசோதனைக் கூடத்தில் அவள் இரண்டு வருடமாக வேலை பார்க்கிறாள். ரோடு போடுமுன் அடிமண் எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்ப்பார்கள். மழைக்காலத்தில் மண் படப்போகிற பாட்டை முன்கூட்டியே பட வைப்பதற்குத்தான் இந்த ஊறல். களிமண்ணானால் தண்ணீர் குடித்து உப்பும், முள் நகரும். இந்த மண் வந்த மூட்டையின் மேல் எழுதியிருந்தது அவள் ஊரின் ஏரிக்கரை ரோடு. ஒரு தூறலுக்கே செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும் களி அது. நாலு நாள் ஊறியும் உப்பவில்லையென்றால் எப்படி?

எஞ்சினியர் கோதண்டராமன் அச்சை மெஷினில் ஏற்றச் சொன்னார். மெஷினின் தண்டு மண்ணுக்குள் இறங்க இறங்க அவள் எண்களைப் படித்தாள். மண்ணின் பலம் ஒன்பது சதவீதம் என்று கணக்கு வந்தது. இரண்டைத் தாண்டாது என்று நினைத்திருந்தாள்.

"ஒன்பதா? உங்க ஊருக்கு யோகம்தாம்மா. ரெண்டு மூணுன்னு வந்திருந்தா எஸ்டிமேட் எகிறியிருக்கும். ஃபைல் மறுபடியும் மேல போயி, அடுத்த வருஷம்தான். இப்ப சன்னமா போட்டாலே போதும். சாயங்காலமே ரிப்போர்ட் அனுப்பிடலாம். இன்னா, சிரிக்கக்கூட மாட்டேங்குற?"

அமுதா படிக்கட்டுக்குப் போய் அண்ணன் பிரிட்டோவுக்கு போன் போட்டாள்.

"ரோட்டுல மண்ணு எடுத்தப்ப நீ இருந்தியாண்ணா?"

"இருந்தேன். பாஸாயிடுச்சா?"

"அது எந்த மண்ணு?"

செருப்பை மாட்டிக்கொண்டு பிரிட்டோ வாசலுக்குப் போவது கேட்டது.

"ண்ணா."

"மண்ணு எடுக்குற எடத்த மொத நாளே சுண்ணாம்பு போட்டுக் காட்டிட்டுப் போனாங்க. நாங்க நாலு பேரு களிய வாரிட்டு, பாறையடி கிராவல கொட்டி இடிச்சி வெச்சோம். நைனாதான் தண்ணி தெளிச்சாரு. போன தபா மண்ணு சரியில்லன்னு எழுதித்தான ரோட்ட தள்ளி வெச்சானுங்க? இந்த தபாவாவது நல்ல மார்க் வரட்டுமேன்னு."

"இது பரீட்சை இல்லண்ணா. மண்ணு நோஞ்சான்னு தெரிஞ்சாத்தான் ரோட்ட கனமா போடுவாங்க. நல்ல மண்ணுன்னு சன்னமா போட்டா, மொத மழையில கல்லு லாரி ஏறுனதும் அமுங்கிடும். அப்புறம் அஞ்சு வருஷத்துக்கு ஒருத்தனும் எட்டிப் பாக்கமாட்டான்."

"மொத மழை வரைக்குமாவது இருக்குமில்ல?" என்றான் பிரிட்டோ.

அம்மா ராயம்மாளுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். மழை பிடித்தால் ஆட்டோ ஏரிக்கோடியோடு நின்றுவிடும். அதற்கப்புறம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நைனாவும் அண்ணனும் சேற்றில் தூக்கிப் போவார்கள். போன ஐப்பசியில் ஒரு முறை போக முடியாமல் போயிற்று. மூன்றே நாளில் காலும் முகமும் உப்பி, மூச்சு விட முடியாமல் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இன்னும் ஒரு மழைக்காலம் ரோடு இல்லாமல் போனால் அம்மா தாங்குவாளா?

"அம்மா கேக்குது, பேசு" என்றான் அண்ணன்.

"பாப்பா, ரோடு வருதாமே?"

"சாப்டியாம்மா?"

"ஆச்சு. எப்ப போடுவாங்களாம்?"

"மாத்திரை போட்டுக்கம்மா. வேலையிருக்குது, வெக்கிறேன்."

உள்ளே வந்தாள். பிரிண்டர் ரிப்போர்ட்டைப் பாதி துப்பியிருந்தது. கோதண்டராமன் பேனாவோடு காத்திருந்தார். அமுதா மேசைக்கு எதிரே போய் நின்றாள். இரண்டு வருடத்தில் அவரிடம் அவளாகப் போய்ப் பேசியதில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வாள், அவ்வளவுதான்.

அவர் தாளை உருவி எடுத்தார்.

"சார்."

"இன்னாம்மா? லீவா?"

அவள் இல்லையென்று தலையாட்டினாள். பேனா தாளைத் தொடப் போயிற்று.

"சார், அது எங்க ரோட்டு மண்ணு இல்ல."