நுஸ்ராவின் பல் விழுந்த திகதி

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது காத்தான்குடியில், போட்டோக் கொப்பி எடுக்கப் போன கடையில். நான் எழுதும் வாரப் பத்திரிகைத் தொடரின் பதினாறாம் அத்தியாயத்தோடு வரிசையில் நின்றேன். பக்கத்துக் கதிரையில் மர்சூக் காக்கா. வீட்டுக்கு வந்து இப்படித் தொடங்கினேன்:

வாவியின் மேல் மாலைக் காற்று

(வேண்டாம். அவர் வாவியைப் பார்க்கவே இல்லை. கணினித் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.)

2

மகள் நுஸ்ரா வெளிநாட்டில். அடுத்த மாதம் பிரசவம், இரட்டைப் பிள்ளைகள். கட்டிலை விட்டு எழும்பக் கூடாதென்று டொக்டர் சொல்லிவிட்டார். புருஷன் கப்பல் வேலையில். உம்மா மௌத்தாகி, அடக்கம் முடிந்து மூன்று வருடம். வாப்பாவுக்கு விசா கிடைத்தால்தான் அவளுக்கு ஒரு துணை.

விசா விண்ணப்பத்தைக் கணினியில் நிரப்பியவள் கடைக்காரி ஸஹீதா.

"காக்கா, பொலிஸா, ஆமியா? ஒண்டுக்குத்தான் புள்ளடி போட ஏலும்."

"ரெண்டும் இல்ல புள்ள. யுத்த நேரம் ஊர்காவல் படை. வட்டை வயலுக்குள்ள ஆனை வந்தாலும் நாங்கதான், ஆக்கள் வந்தாலும் நாங்கதான்."

"ஆனைக்கு இதுல கட்டமில்ல காக்கா."

அவருடைய சேவைக் கடிதத்தில் இரண்டு பாதி இருந்தது. முதல் பாதியில் அவர் பொலிசுக்குத் துணை ஆள். ஒரு அரசாங்க வர்த்தமானி அறிவித்தலுக்குப் பிறகு பாதுகாப்பு அமைச்சின் ஆள்.

"நான் அதே காவல் கொட்டில்ல, அதே துவக்கத் தோள்ல போட்டுத்தான் நிண்டன்."

"நீங்க நிண்டீங்க. சட்டம் நடந்திட்டு."

(இடைக்குறிப்பு: ஒருவன் யாருடைய ஆள் என்பதை அவன் நாட்டுச் சட்டம் சொல்கிறது. அவன் செய்தது என்ன என்பதை வேறு நாட்டு அதிகாரி அந்தச் சொல்லை வைத்துத்தான் அளக்கிறார். கதைக்குள் பாடம் எதற்கு என்று பத்திரிகை ஆசிரியர் கேட்பார். வெட்டவில்லை. கீழே தேவைப்படும்.)

3

அடுத்த கேள்வி: கடமையில் ஆயுதத்தைப் பயன்படுத்தினீர்களா? எப்போது?

மர்சூக்கின் முகத்தில் சிரிப்பு நின்றுபோனது. ஒரு மஃரிப் நேரம், இருட்டிக்கொண்டு வரும்போது, விளைந்த நெல் வேளாண்மைக்குள் ஏதோ அசைந்தது. துவக்கால் ஒரு வெடி வைத்தார். விடிந்து போய்ப் பார்த்தால் நெல் சாய்ந்து கிடந்தது. கொஞ்சம் இரத்தம். பன்றியா, மனிதனா, இன்றுவரை தெரியாது. மறைக்கவும் முடியாது: நடந்ததைக் கொட்டிலின் பதிவுப் புத்தகத்தில் எழுதிக் கையொப்பம் வைத்திருக்கிறார். அந்தப் புத்தகம் எங்கோ இருக்கிறது.

ஆக, வெடி வைத்த நாளில் அவர் யாருடைய ஆளோ, அந்தக் கட்டம்: வர்த்தமானிக்கு முன்னென்றால் பொலிஸ், பின்னென்றால் ஆமி.

முடிவு ஒன்று: பொலிஸ். ஒரு விளக்கக் கடிதத்தோடு காரியம் முடிகிறது. ஆனால் பிறகு யாரோ அந்தப் புத்தகத்தைத் திறந்து

(பயமுறுத்துகிறேன். தொழில் பழக்கம்.)

முடிவு இரண்டு: ஆமி. கோப்பு யுத்தக் குற்றங்களைப் பார்க்கும் பிரிவுக்குப் போகிறது. அது திரும்பி வருவதற்குள் பேரப்பிள்ளைகள் தவழத் தொடங்கி

4

"தம்பி, நீங்க எழுதுறவர்தானே? எதப் போட?" மர்சூக் என் பக்கம் திரும்பினார்.

பதினாறு வாரமாக ஆட்களைக் கிணற்று விளிம்பில் நிறுத்திவைத்தவன் நான். திரைக்குக் குனிந்தேன். அதன் மூலையில், பக்கம் தானாக மூடிக்கொள்ள மிச்சமிருந்த நேரம் குறைந்துகொண்டிருந்தது: ஒன்பது நிமிடம்.

"வெடி வெச்ச நாள் ஞாபகமா காக்கா?" என்றாள் ஸஹீதா.

"திகதி தெரியா. மறுநா விடிய வீட்ட வாறன், நுஸ்ரா விழுந்த முன்பல்லக் கையில வெச்சிட்டு நிக்கிறா. என்ட கைய நீட்டி அத வாங்க எனக்கு ஏலல்ல."

பல் விழுந்த நாளைக் கேட்டு மகளுக்குப் போன் போட்டார்.

"விசாவுக்கு என்ட பல்லயும் கேக்கானுகளா வாப்பா?" நுஸ்ரா சிரித்தாள். "அண்டைக்கு எடுத்த போட்டோ என்னட்ட இரிக்கி. உம்மா பின்னுக்குத் திகதி எழுதிருக்கா. பொறுங்க, எடுக்கன்."

"எழும்பாத புள்ள!"

"பக்கத்துலதான் வாப்பா."

சேவைக் கடிதத்தில், வர்த்தமானித் திகதியின் மேல் ஸஹீதா விரலை வைத்திருந்தாள். நுஸ்ரா படத்தைத் திருப்பி, பின்னாலிருந்ததை உரக்க வாசித்தாள்.

அந்தத் திகதி என் காதிலும் விழுந்தது. இங்கே எழுத மாட்டேன். கட்டத்தை அவரே தெரியட்டும் என்று ஸஹீதா கணினிச் சுட்டியை அவர் பக்கம் தள்ளிவிட்டாள்.

"வாப்பா? இந்தத் திகதிதானே வேணும்? சரியா?"

மூன்று நிமிடம் இருக்கிறது. அவளுக்கு நீங்கள் பதில் சொல்லுங்கள்.